ஐதிகமும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும்: தெய்வக் கதைத் தொகுப்பு முறை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கோயில்களையும் தெய்வங்களையும் பற்றி மக்கள் வழங்கும் கதைகள் வாய்மொழியிலிருந்து ஏட்டிற்கு வரும்போது அவற்றிலிருந்து முதலில் உதிர்ந்துவிடுவது ஒரு சிறு இடைச்சொல்லாகும். தமிழில் அது ‘ஆம்’, மலையாளத்தில் ‘அத்ரே’. ‘யட்சி வந்தாள்’ என்பதற்கும் ‘யட்சி வந்தாளாம்’ என்பதற்கும் நிகழ்ச்சியளவில் வேறுபாடு இல்லை. சொல்பவர் அதனை எவ்வழியில் அறிந்தார் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. தொகுப்பாளர் பலர் நிகழ்ச்சி மட்டுமே கதையெனக் கொண்டு, அறிந்த வழியைக் குறிக்கும் சொற்களைப் பேச்சுவழக்கின் மிகையெனக் கருதி நீக்கிவிடுகின்றனர். எஞ்சியவற்றை மொழிபெயர்ப்பாளர் நீக்குகின்றனர்.

இந்நீக்கம் நடை பற்றிய செய்தி மட்டும் அன்று. அது கதையின் வகையையே மாற்றிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கேட்டறிந்ததைக் கேட்டறிந்ததாகவே சொல்லும் கதை ஐதிகம். அக்குறியை நீக்கினால் பக்தர் கையில் அது வரலாறு ஆகிறது. ஐயுறுவோர் கையில் பொய் ஆகிறது. சொன்னவர் இவ்விரண்டையும் சொல்லவில்லை. இதனை விளக்குவதற்குக் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் வழங்கும் கோயில் ஐதிகமும், அதற்கு அண்மையிலுள்ள சோற்றானிக்கரை பற்றிய வழக்குகளும், மலையாளத்தின் பெருந்தொகுப்பான ‘ஐதிஹ்யமாலா’வும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அறிந்த வழியைக் காட்டும் சொற்களை ஈண்டுக் ‘கேட்டறிவுக் குறிகள்’ என வழங்குவோம்.

2. ‘ஐதிகம்’ என்னும் சொல்

தொகுப்பாளர்கள் தம் நூல்களுக்குச் சூட்டும் ‘ஐதிகம்’ என்ற பெயரே ஒரு கேட்டறிவுக் குறியிலிருந்து பிறந்தது. வடமொழியில் ‘இதி’ என்பது ‘இவ்வாறு’ எனப் பொருள்படும். ‘ஹ’ என்பது ஓர் அசைச்சொல். ‘இதிஹ’ என்ற இத்தொடரிலிருந்து ‘ஐதிஹ்யம்’ பிறந்தது. இத்தொடரோடு ‘ஆச’, அதாவது ‘இருந்தது’ என்ற வினை சேர்ந்தால் ‘இதிஹாசம்’ ஆகும். ஆகவே ஐதிகத்திற்கும் இதிகாசத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு வினைமுற்றின் தொலைவே. அந்த ‘ஆச’ என்ற வடிவமும், சொல்வோன் நேரிற் காணாத இறந்தகாலத்திற்குப் பாணினி விதித்த ‘லிட்’ என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தது என்பது நோக்கத்தக்கது.

ஐதிகம் ஓர் அளவையாகவும் எண்ணப்பட்டது. அதனைத் தனி அளவையாகக் கொள்ள வேண்டுமா என்ற வினாவை நியாய சூத்திரம் எழுப்பி, அது உரையளவையுள் அடங்கும் என்று விடை கூறுகிறது. அதற்குப் பாடியம் வகுத்த வாத்ஸ்யாயனர், முதலிற் சொன்னவர் இன்னார் எனச் சுட்டப்படாது வழிவழியாக வரும் கூற்றே ஐதிகம் என விளக்குகிறார். இவ்விளக்கத்தில் ‘தெய்வம்’, ‘அற்புதம்’, ‘பழமை’ ஆகிய எவையும் இடம்பெறவில்லை. சொன்னவர் பெயர் இல்லாமையும் சொல்தொடர்ச்சியுமே ஐதிகத்தின் இலக்கணமாகக் கூறப்படுகின்றன. அஃதாவது, ஐதிகம் பொருள் நோக்கி வரையறுக்கப்படவில்லை. அறிந்த வழி நோக்கி வரையறுக்கப்பட்டது.

தமிழில் இக்கருத்தை மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை காட்டுகிறது. வஞ்சி நகரில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் ஐதிகமும் ஒன்று. அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதைக் கொண்டு தெளிதல் என்பதாகும். ஐதிகத்தை விளக்கப் புலவர் வேறு எத்தனையோ பொருளை எடுத்திருக்கலாம். அவர் மரத்தையும் பேயையும் எடுத்தார். மரம் கண்ணுக்குப் புலனாவது. பேய் உலகுரையால் மட்டும் அறியப்படுவது. ஒரு புறம் சுட்டிக்காட்டத்தக்க பொருள், மறுபுறம் கேள்வியால் மட்டும் எட்டத்தக்க நிகழ்ச்சி என்ற இவ்விணைப்பே தெய்வ ஐதிகங்களின் அடிப்படைக் கட்டமைப்பு என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. திருப்பூணித்துறைக் கதையின் மொழியமைப்பு

கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கிய திருப்பூணித்துறையில் பூர்ணத்ரயீசர் கோயில் உள்ளது. திருமால் இங்கு அனந்தனின் படநிழலில் அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். கோயில் பற்றிய கதை சந்தானகோபாலக் கதையோடு இணைந்தது. பிறந்தவுடன் பிள்ளைகளை இழந்துவந்த அந்தணன் ஒருவனுக்கு அர்ச்சுனன் வாக்களித்துத் தோற்றான்; கண்ணன் அவனை வைகுந்தத்திற்கு அழைத்துச் சென்றான்; திருமால் பிள்ளைகள் பதின்மரையும் திருப்பித் தந்ததோடு இச்சிலையையும் அளித்தார். சிலையை நிறுவத் தக்க இடம் தேடுமாறு அனுப்பப்பட்ட பிள்ளையார் இவ்விடத்தின் தூய்மையைக் கண்டு தாமே அமர்ந்துவிட்டார். அர்ச்சுனன் அவரைத் தென்புறம் ஒதுக்கிவிட்டுச் சிலையை நிறுவினான். பிள்ளையார் கருவறையிலேயே தென்பால் இருப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. மகப்பேறு வேண்டுவோர் இங்கு வழிபடுவதும் இக்கதையோடு தொடர்புடையது.

மேலே உள்ள சுருக்கம் தொகுப்பு நூல்களில் காணும் நடையிலேயே வேண்டுமென்று எழுதப்பட்டது. தொடக்கத்தில் வரும் ‘உள்ளது’, ‘காட்சி தருகிறார்’ என்பவை சென்று பார்க்கத்தக்க செய்திகள். இடையில் வரும் ‘தோற்றான்’, ‘அளித்தார்’, ‘நிறுவினான்’ என்பவை கேள்வியால் வந்தவை. இரண்டும் ஒரே வகை வினைமுற்றால் முடிவதால், கண்டதும் கேட்டதும் ஒரே தளத்தில் அமர்ந்துவிட்டன. ‘சொல்லப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினை ஒரே இடத்தில்தான் வந்துள்ளது. அதுவும் கதையின் நிகழ்ச்சிகளைத் தழுவாமல் காரணத்தை மட்டுமே தழுவுகிறது.

இனி ஒரே செய்தியைத் தமிழில் நான்கு வகையாக அமைத்துப் பார்க்கலாம்.

(1) அர்ச்சுனன் இந்தச் சிலையைக் கொண்டுவந்தான்.
(2) அர்ச்சுனன் இந்தச் சிலையைக் கொண்டுவந்தானாம்.
(3) அர்ச்சுனன் இந்தச் சிலையைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.
(4) அர்ச்சுனன் இந்தச் சிலையைக் கொண்டுவந்தான் என்பது ஐதிகம்.

முதல் தொடரில் அறிந்த வழி குறிக்கப்படவில்லை. இரண்டாவதில் சொல்பவர் தாம் கேட்டதைத் தம் வாயால் மீளச் சொல்கிறார். மூன்றாவதில் சொல்பவர் ஒரு கூட்டத்தை முன்னிறுத்திச் சற்று விலகி நிற்கிறார். நான்காவதில் அக்கூட்டமும் மறைந்து மரபே பேசுகிறது. இந்நான்கையும் ஒன்றெனக் கொள்வது மொழியியல் நோக்கில் பொருந்தாது.

இனி, கோயிலுக்குள் நின்று பிள்ளையாரைக் கண்ணெதிரே காணும் ஒருவர் கீழ்வருமாறு சொல்வதாகக் கொள்வோம்.

(5) அர்ச்சுனன் பிள்ளையாரை ஒதுக்கிவிட்டானாம். இதோ, தெற்கே இருக்கிறார்.
(6) அர்ச்சுனன் பிள்ளையாரை ஒதுக்கிவிட்டானாம். இதோ, தெற்கே இருக்கிறாராம்.

ஐந்தாம் தொடர் இயல்பானது. ஆறாம் தொடரைத் தமிழ் பேசுவோர் ஏற்கமாட்டார். அல்லது அதில் கேலியைக் காண்பர். ‘ஆம்’ கதை முழுவதும் ஒரே சீராகப் பரவும் அணியன்று என்பது இதனால் விளங்கும். நிகழ்ச்சிக்கு அது வரும். எஞ்சியிருக்கும் அடையாளத்திற்கு வாராது. குறி நிற்கும் இடத்தையும் நீங்கும் இடத்தையும் இணைத்துப் பார்த்தால் சொல்பவர் தம் சான்றுகளை வரிசைப்படுத்தும் முறை புலப்படும்.

சோற்றானிக்கரைக் கீழ்க்காவில் உள்ள பாலமரத்தில் ஏராளமான ஆணிகள் அறையப்பட்டுள்ளன. பேய் பிடித்தவர்களின் உடலை விட்டு நீங்கிய ஆவி அந்த ஆணியால் மரத்தில் கட்டுண்டது என்பது அங்குள்ள நம்பிக்கை. மணிமேகலை அளவைவாதி சொன்ன மரமும் பேயும் இங்கு ஒருங்கே உள்ளன. ஆணி கண்டது, ஆவி கேட்டது. அங்குள்ளவர் ஒருவர் கதை சொல்லும்போது எந்த வினையில் ‘அத்ரே’ வந்தது, எந்த வினையில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளாத தொகுப்பாளர், ஆணியையும் ஆவியையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்.

4. கேள்வி வேறு, ஐயம் வேறு

கேட்டறிவுக் குறி என்றாலே சொல்பவர் நம்பவில்லை என்று கொள்வது பரவலான பிழை. அறிந்த வழியைக் குறிக்கும் இலக்கணக் கூறுகளைப் பற்றி 2004இல் விரிவான ஒப்பாய்வு நூல் வெளியிட்ட அலெக்சாண்ட்ரா ஐகென்வால்ட், சான்றின் வழியும் உண்மை பற்றிய மதிப்பீடும் வெவ்வேறு எனத் தெளிவுறுத்தியுள்ளார். தமிழ் மரபிலும் இவ்வேறுபாடு உண்டு. ஐயத்திற்கு உரிய இடைச்சொல்லாகத் தொல்காப்பியம் ‘கொல்’ என்பதைக் கூறுகிறது. அந்நூலிலேயே முன்னோர் கூற்றை வழிமொழிய ‘என்ப’, ‘என்மனார்’ ஆகிய வடிவங்கள் ஆளப்பட்டுள்ளன. ‘என்மனார்’ என எழுதிய ஆசிரியர் தாம் அதனை ஐயுறுவதாகக் காட்டவில்லை. மாறாக, தம் கூற்றுக்கு வலிமை சேர்க்கிறார்.

திருப்பூணித்துறையிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. சொரனூரிலிருந்து எர்ணாகுளம் வரையிலான இருப்புப்பாதை 1902இல் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்டக் கொச்சி மன்னர் ராஜரிஷி ராமவர்மா பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது ஊரார் விரும்பிச் சொல்லும் செய்தி. இதில் தெய்வச் செயல் ஏதுமில்லை. இதனைச் சொல்பவர் ‘விற்றாராம்’ என்றே சொல்லக்கூடும். அவர் அந்நாளில் பிறந்திருக்கவில்லை. அவரே ‘பகவான் இங்கு வந்து அமர்ந்தார்’ என்று குறியின்றியும் சொல்லக்கூடும். அரசரின் செயலுக்கு ‘ஆம்’ வருவதால் அது பொய்யாகாது. தெய்வத்தின் செயலுக்கு ‘ஆம்’ வாராமையால் அது வரலாறாகாது. 1920இல் இக்கோயிலின் கருவறை தீக்கிரையானதும், பின்னர்க் கான்கிரீட்டைப் பயன்படுத்தி அது மீளக் கட்டப்பட்டதும் ஆவணத்திற்கு உரிய செய்திகள். ஆயினும் அவற்றையும் பேரன் பேத்தியர் கேள்வியாகவே அறிவர். எனவே கேட்டறிவுக் குறியைக் கொண்டு உண்மை பொய்யைப் பிரிக்க முயல்வது வீண். அக்குறி காட்டுவது சொல்பவருக்கும் செய்திக்கும் இடையே உள்ள தொலைவை மட்டுமே.

ஊர்ப்பெயர் விளக்கங்களும் இவ்வகையின. திருப்பூணித்துறை என்பது ‘பூர்ண வேத புரம்’ என்பதன் திரிபு என்றும், பூர்ணா நதியால் வந்த பெயர் என்றும் சொல்வர். ‘புரம்’ என்பது ‘துறை’ எனத் திரிவதற்கு ஒலியியல் விதி ஏதுமில்லை. ‘துறை’ ஆற்றங்கரை இறங்குமிடத்தைக் குறிக்கும் வெளிப்படையான திராவிடச் சொல். ஆயினும் ‘பூர்ண வேத புரம்’ என்ற விளக்கத்தைப் பிழையெனத் தள்ளுவதோடு மொழியியலாளரின் கடமை முடிவதில்லை. யார் அவ்வாறு சொல்கின்றனர், ‘என்று சொல்வார்கள்’ எனச் சொல்கின்றனரா, குறியின்றிச் சொல்கின்றனரா என்பது அச்சொற்பிறப்பின் சமூக வரலாற்றுக்குச் சான்றாகும்.

5. ஐதிஹ்யமாலாவின் பேறும் இழப்பும்

கோட்டயத்தைச் சேர்ந்த கொட்டாரத்தில் சங்குண்ணி (1855–1937) தொகுத்த ‘ஐதிஹ்யமாலா’ 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. இதழாசிரியர் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளையின் தூண்டுதலால் இக்கதைகளை எழுதத் தொடங்கியவர் அவர். அரசர், புலவர், வைத்தியர், மந்திரவாதி, யட்சி, கள்வர், யானை, கோயில் எனக் கேரளத்தின் வாய்மொழி உலகம் முழுவதையும் ஒரே நூலுள் கொண்டுவந்த அவருடைய உழைப்புக்கு ஈடு சொல்வது அரிது. சிரியன் கிறித்தவப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனாரின் மந்திரக் கதையை ஓர் இந்துப் புலவர் எழுதினார். அவரைத் தூண்டியவர் ஒரு கிறித்தவ இதழாசிரியர். சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சியும், அவள் தலையில் ஆணி அறைந்து அடக்கும் கத்தனாரும் மதவெல்லை கடந்து மலையாளிகள் அனைவருக்கும் பொதுச்சொத்தானமைக்கு இந்நூலே முதற்காரணம்.

எனினும் இந்நூலின் உரைநடை பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரின் குரலிலேயே ஓடுகிறது. எக்கதையை யாரிடம், எவ்வூரில் கேட்டார் என்ற குறிப்பு முறையாகத் தரப்படவில்லை. பல வாய்களில் பலவாறு வழங்கியவை ஒரே செம்மையான நடையில் ஒரே வடிவம் பெற்றன. அடுத்த தலைமுறை அவ்வடிவத்தையே மூலமாகக் கொண்டது. பின்னர் இக்கதைகள் தொலைக்காட்சித் தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் வந்தன. காயங்குளம் கொச்சுண்ணியின் கதை 2018இல் பெருஞ்செலவில் மீண்டும் திரைப்படமாயிற்று. திரைக்கு ‘அத்ரே’ இல்லை. காட்டப்பட்டது நடந்ததாகவே தோன்றும்.

சங்குண்ணியின் காலத்திற்கு இன்றைய களப்பணி முறைகளை அளவுகோலாக்குவது நேர்மையாகாது. ஆயினும் அவருக்கு முன்னரே வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. 1868இல் வெளிவந்த ‘பழைய தக்காண நாட்கள்’ என்ற ஆங்கிலத் தொகுப்பில் மேரி ஃபிரியர் கதைகளைச் சொன்ன அன்னா லிபராட்டா டி சூசா என்ற பணிப்பெண்ணின் பெயரையும், அவர் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தே வெளியிட்டார். ஆயின் கதைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் இந்திய மொழிக்குரிய குறிகள் அங்கு இல்லை. ஃபிரியரிடம் சொன்னவர் நிலைத்தார், மொழி மறைந்தது. சங்குண்ணியிடம் மொழி நிலைத்தது, சொன்னவர் மறைந்தார். தொகுப்பியலின் இவ்விரு இழப்புகளையும் ஒருங்கே ஈடுசெய்வதே நம் காலத்துப் பணி.

6. ‘அத்ரே’யும் ‘ஆம்’உம்: மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இருபொருள்

ஐதிஹ்யமாலா போன்ற நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று தனியே ஆராயத்தக்கது. இன்றைய மலையாளத்தில் ‘அத்ரே’ பெரும்பாலும் கேட்டறிவுக் குறி. பழைய உரைநடையிலோ அது அழுத்தம் காட்டும் தேற்றச் சொல்லாகவும் பரவலாக வழங்கியது. மலையாள விவிலிய மொழிபெயர்ப்பைப் படித்தோர் ‘அவனத்ரே’ என்பது ‘அவனே’ எனப் பொருள்படும் இடங்களை நன்கறிவர். பெயரை அடுத்தும் ‘கொண்டுவந்நது’ போன்ற வினைப்பெயரை அடுத்தும் வரும் ‘அத்ரே’ இருபொருளுக்கும் இடந்தரும். ‘அர்ஜுனன் கொண்டுவந்நதத்ரே’ என்பதைப் பழைய நடையில் ‘அர்ச்சுனன் கொண்டுவந்ததே ஆகும்’ என உறுதியாகவும், இன்றைய வழக்கில் ‘அர்ச்சுனன் கொண்டுவந்ததாம்’ எனக் கேள்வியாகவும் கொள்ளலாம். ‘கொண்டுவந்நத்ரே’ என வினைமுற்றை அடுத்து வரும்போது கேட்டறிவுப் பொருளே உண்டு.

தமிழிலும் இதே நிலை காணப்படுவது வியப்புக்குரியது. ‘ஆகும்’ என்பதன் குறுக்கமான ‘ஆம்’ உரையாசிரியர் நடையில் உறுதிப்பொருள் தரும். ‘இஃது உவமையாம்’ என்பதில் கேள்விக்கு இடமில்லை. பேச்சில் ‘அவர் வைத்தியராம்’ என்பதில் கேள்வியே பொருள். ‘வந்தானாம்’ என வினைமுற்றை அடுத்து வருவது இன்றைய உரைநடையில் கேட்டறிவுக் குறியே. ஆக, இரு மொழிகளிலும் உறுதி கூறும் சொல்லே கேள்வி கூறும் சொல்லாகவும் வழங்குகிறது. இரண்டிலும் பெயரை அடுத்து இருபொருளும், வினைமுற்றை அடுத்து ஒருபொருளும் தருகிறது. இவ்வொப்புமையை அறியாத மொழிபெயர்ப்பாளர் இருவகைப் பிழை செய்வர். தேற்றப்பொருள் ‘அத்ரே’யை ‘ஆம்’ என்று பெயர்த்து ஆசிரியரின் உறுதியைத் தளர்த்துவது ஒன்று. கேட்டறிவு ‘அத்ரே’யை வெறும் அசையெனக் கருதி விட்டுவிட்டுக் கேள்வியை வரலாறாக்குவது மற்றொன்று. எழுதப்பட்ட காலம், ஒட்டியுள்ள சொல்லின் வகை, முன்பின் தொடர்கள் ஆகிய மூன்றையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

7. குறிகளின் மதிப்பு ஏற்றத்தாழ்வு

‘ஆம்’ அச்சில் நிலைக்காமைக்குச் சமூகக் காரணம் ஒன்றும் உண்டு. இச்சொல்லுக்குக் கேலிப்பொருளும் உண்டு, ‘பெரிய பண்டிதராம்!’ என்பதில் சொல்பவர் அக்கூற்றை மறுக்கிறார். ஆதலால் தல வரலாற்று ஏட்டில் ‘அம்மன் தோன்றினாளாம்’ என்று எழுதப் பக்தர் கூசுகின்றனர். அது நம்பாதவர் பேச்சாகத் தோன்றும். அவ்விடத்தை ‘என்பது ஐதிகம்’ என்ற தொடர் நிரப்புகிறது. மலையாளத்தில் ‘என்னாணு ஐதிஹ்யம்’ என்பதும் அவ்வாறே. பாட்டி சொன்னால் ‘ஆம்’. புலவர் சொன்னால் ‘என்ப’. அச்சு சொன்னால் ‘ஐதிகம்’. மூன்றும் செய்யும் பணி ஒன்றே. ஆயினும் முதலாவது பேச்சு வழக்கெனத் தள்ளப்படுகிறது. ஏனையவை சான்றோர் வழக்கெனக் கொள்ளப்படுகின்றன. தொகுப்பாளர் ‘ஆம்’ என்பதை நீக்கி ‘என்பது ஐதிகம்’ எனத் திருத்தும்போது, ஒரு தனி மனிதர் கேட்டு மீளச் சொன்ன செய்தி ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட மரபாக உயர்த்தப்படுகிறது. மாற்றுக்கதை சொல்வோருக்கு அங்கு இடமில்லாமல் போகிறது.

இதன் விளைவைத் தமிழ்நாட்டு நீலி கதையில் காணலாம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், தாம் கொடுத்த வாக்குப் பிழைத்ததற்காக எழுபது வேளாளர் தீப்பாய்ந்தனர் என்பது ஒரு வடிவின் உச்சம். இவ்வடிவம் இலக்கியங்களில் ஏறி ஒரு சமூகத்தின் வாய்மைக்குச் சான்றாக எடுத்தாளப்பட்டது. தென்மாவட்டங்களிலோ நீலி இசக்கியோடு இணைத்து வழிபடப்படுகிறாள்; அங்குக் கதையின் நடுவில் நிற்பவள் முற்பிறவியில் வஞ்சிக்கப்பட்ட பெண். கேட்டறிவுக் குறி இருக்கும்வரை இவ்விரு வடிவங்களும் ‘இப்படியும் சொல்வார்கள்’ என்று அருகருகே வாழும். குறி நீங்கினால் ஒன்று உண்மையாகி மற்றொன்று பிழையாகிவிடும். எது உண்மையாகும் என்பதைக் கதையின் தகுதி முடிவு செய்வதில்லை. அச்சுக் கூடம் யார் கையில் இருந்தது என்பதே முடிவு செய்கிறது.

8. மறுப்பும் விடையும்

‘ஆம்’ என்பது கதை சொல்லும் மரபின் அடையாளம் மட்டுமே, அதற்குச் சான்றுப் பொருள் ஏற்றுவது மிகை என்று ஒரு மறுப்பு எழலாம். ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்’ என்பதில் சொல்பவர் எந்தச் சான்றையும் கருதவில்லை என்பது உண்மையே. துருக்கிய மொழியில் நேரிற் காணாததைக் குறிக்கும் ‘மிஷ்’ என்ற விகுதியும் புனைகதைகளின் இயல்பான நடையாக வழங்குகிறது. ஆயின் இம்மறுப்பு புனைகதைக்குப் பொருந்தும், ஐதிகத்திற்குப் பொருந்தாது. புனைகதையைவிட ஐதிகம் வரலாற்றுத் தன்மை மிக்கது என்று கிரிம் சகோதரர்கள் 1816இல் தம் செருமானிய ஐதிகத் தொகுப்பை வெளியிட்டபோதே வேறுபடுத்தினர். நம்பிக்கை பற்றிய விவாதமே ஐதிகத்தின் உயிர் என்பதை லிண்டா டேக் 1970களில் வலியுறுத்தினார். புனைகதையில் ‘ஆம்’ ஒரே சீராக வரும். ஐதிகத்தில் அது வந்தும் நீங்கியும் வரும். இவ்வேறுபாடே இரண்டையும் பிரித்தறியும் மொழியியல் அடையாளமாகக் கொள்ளத்தக்கது.

குறி முற்றிலும் நீங்கும் மற்றோர் இடமும் உண்டு. கேரளத்துக் காவுகளில் வெளிச்சப்பாடு அருள்வாக்கு உரைக்கும்போது தெய்வமே தன்மையில் பேசுகிறது. தென்தமிழ்நாட்டு வில்லுப்பாட்டில் கதையின் உச்சத்தில் தெய்வம் ஆளின்மேல் இறங்குவதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகப் பதிந்துள்ளார். ‘வந்தாளாம்’ எனத் தொடங்கிய கதை அப்போது ‘வந்திருக்கிறேன்’ என்றாகிறது. படர்க்கையிலிருந்து தன்மைக்கும், கேள்வியிலிருந்து காட்சிக்கும் நிகழும் இம்மாற்றத்தைப் பதியாத தொகுப்பு, அந்நிகழ்வின் நடுவத்தையே தவறவிடுகிறது.

9. தொகுப்போர்க்கும் பெயர்ப்போர்க்கும் சில நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நடைமுறைக்குரிய சில நெறிகளை முன்வைக்கலாம். முதலாவதாக, ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது ‘ஆம்’, ‘போலும்’, ‘சொல்வார்கள்’, ‘கேள்விப்பட்டிருக்கிறேன்’ ஆகியவற்றைச் செம்மையாக்கம் என்ற பெயரில் நீக்குதல் கூடாது. ஒவ்வொரு வினையும் எக்குறியோடு முடிந்தது, எங்குக் குறியின்றி முடிந்தது என்பதைக் காட்டும் பதிப்பொன்றேனும் ஆய்வாளருக்குக் கிடைத்தல் வேண்டும். இரண்டாவதாக, ‘இதோ’, ‘இந்தக் குளந்தான்’ போன்ற சுட்டுகள் எவ்விடத்தில் நின்று சொல்லப்பட்டன என்பதைக் குறிக்க வேண்டும். கோயிலில் நின்று சொன்ன கதையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்ன கதையும் குறிகளில் ஒன்றுபட வேண்டியதில்லை. மூன்றாவதாக, தொகுப்பாளரின் விலகலும் சொன்னவரின் விலகலும் தனித்தனியே தெரிய வேண்டும். தொகுப்பாளருக்கு ஐயம் இருப்பின் அதனை முன்னுரையில் தம் பெயரில் எழுதலாம். சொன்னவரின் வினைமுற்றில் அதனை ஏற்றுதல் ஆகாது. நான்காவதாக, ‘நீங்கள் இதை நம்புகிறீர்களா?’ என்ற வினாவைத் தவிர்த்து, ‘இதை உங்களுக்குச் சொன்னவர் யார்?’ என்று கேட்பது பயன்தரும். முதல் வினா சொல்பவரைத் தற்காப்பில் நிறுத்துகிறது. இரண்டாம் வினா அவரை மரபின் வழியில் பின்னோக்கி நடக்கச் செய்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு உரியது ஒன்று. கேட்டறிவை வினையிலேயே காட்டும் வசதி இல்லாத ஆங்கிலம் போன்ற மொழிக்குப் பெயர்க்கும்போது ஒவ்வொரு ‘ஆம்’ என்பதற்கும் ஒரு தொடரை இடுவது நடையைக் கெடுக்கும். அங்குக் குறியின் எண்ணிக்கையைக் காப்பதைவிடக் குறி மாறும் இடங்களைக் காப்பதே முதன்மையானது. கேள்வியிலிருந்து காட்சிக்குக் கதை திரும்பும் இடம் இலக்கு மொழியிலும் தெரியுமாயின் பெரும்பணி முடிந்தது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போதோ இத்தகைய சாக்குக்கு இடமில்லை. இரு மொழிகளிலும் கருவி உண்டு.

10. முடிவுரை

தெய்வ ஐதிகங்களைத் தொகுப்போர் பெரும்பாலும் இரு அணியினர். ஒரு சாரார் அவற்றைக் காக்க எண்ணி உறுதிமொழியாக்குகின்றனர். மற்றொரு சாரார் அவற்றை விளக்க எண்ணி மூடநம்பிக்கைப் பட்டியலாக்குகின்றனர். இருவரும் நீக்குவது ஒரே இடைச்சொல்லை. எழுத்தறியாதவர் எனப்படும் கதைசொல்லி இவ்விருவரினும் நுட்பமானவர். தாம் கண்டது எது, கேட்டது எது, தம்மேல் இறங்கியது எது என்பதை ஒவ்வொரு வினைமுற்றிலும் பிரித்துச் சொல்கிறார். அந்தப் பகுப்பு அவருடைய அறிவு நேர்மை. மரத்தை மரமாகவும் பேயை உலகுரையாகவும் பிரித்து நிறுத்திய மணிமேகலை அளவைவாதியின் தருக்கமும் அதுவே. ஒரு கதையை ஏட்டில் ஏற்றும் நாம் அதன் தெய்வத்தை ஏற்பதும் ஏற்காததும் நம் விருப்பம். அதைச் சொன்னவரின் வினைமுற்றைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.